நான் அடிக்காத விசில்

மாலை நாலு பத்துக்கு என் விசிலை நான் கேட்டேன். அதை நான் அடிக்கவில்லை. அந்த நேரத்தில் தண்ணீர் பாட்டிலை வாயில் கவிழ்த்திருந்தேன். முதலில் தாழ்ந்து, பிறகு உயர்ந்து, மறுபடி தாழ்ந்து, மூன்று சுரம். வாய்க்கால் பக்கமிருந்து தெளிவாக வந்தது. அதுவரை அந்த மூன்றாவது சுரம் என்னிடம் மட்டும்தான் இருந்தது. அது என்னிடம் மட்டும் இருக்கிறது என்பதை நம்பித்தான் பள்ளிக்கூடமே தெருவில் நடந்துகொண்டிருந்தது.

பார்வையில்லாத பிள்ளைகளுக்குத் தனியாக நடக்கக் கற்றுக்கொடுப்பது என் வேலை. புதுச்சேரியின் உப்பளம் பகுதியில், பழைய துறைமுகத்துக்குப் போகும் வழியில் இருந்த ஒரு சிறிய பள்ளியில் இருபது வருடத்துக்கு மேல் அதைச் செய்தேன். போன வருடம் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன். எனக்குப் பின் அந்த வேலையில் இருக்கும் கலா போன வாரம் நெல்லித்தோப்பில் என் வீட்டுக்கு வந்திருந்தாள். பிள்ளைகளின் கைப்பேசியில் ஒரு புது வசதி செய்கிறார்களாம். 'நில்லு', 'வா', 'இடது பக்கம் திரும்பு' என்று அது பிள்ளைகளிடம் பேசுமாம்.

"உங்க குரல்லயே பதிவு பண்ணிடலாம் சார். பிள்ளைங்களுக்குப் பழகின குரல். நீங்க இல்லாட்டியும் நீங்க இருக்கற மாதிரியே இருக்கும்" என்றாள்.

அவள் நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். ஆனால் எனக்கு டம்ளரைக் கீழே வைக்க வேண்டியிருந்தது. அவள் அதைக் கவனித்துவிட்டு, "புதுசா சேர்ந்தவங்களுக்கு நம்ம பள்ளிக்கூடத்துல ஏன் விசில் கிடையாதுன்னே தெரியல சார். நான் சொன்னா கதைன்னு நெனக்கறாங்க. நீங்களே எழுதிக் குடுங்க" என்றாள். அதனால் எழுதுகிறேன். பதிவு செய்வதா வேண்டாமா என்பதை இதைப் படித்துவிட்டு அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.

பயிற்சிக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சென்னையில் ஒரு வருடம். அதில் பாதி நாள் எங்கள் கண்ணைக் கட்டித் தெருவில் விட்டார்கள். முழங்காலெல்லாம் காயம். பிள்ளையின் கையைப் பிடிக்காமல் இருப்பதுதான் இந்த வேலையில் பெரிய பாடம் என்பதை அங்கே கற்றுக்கொண்டேன். கையைப் பிடித்தால் அந்தப் பிள்ளை நடக்காது, நம்மோடு வரும். அவ்வளவுதான்.

எங்கள் முறை இதுதான். கிட்டத்தில் இருக்கும் பிள்ளையைக் கைதட்டி அழைப்போம். தூரத்தில் இருந்தால் விசில். லாரியும் ஆட்டோவும் போகும் தெருவில் பேச்சுக்குரல் கரைந்துவிடும், உதட்டு விசில் கரையாது. ஒவ்வொரு ஆசிரியருக்கும் தனி விசில் உண்டு. என் மூன்று சுரத்துக்கு அர்த்தம் ஒன்றுதான்: இருக்கும் வேலையை விட்டுவிட்டு என்னிடம் வா. குழி இருக்கிறது, மாடு நிற்கிறது, பாதை மாறிவிட்டது, காரணம் எதுவாகவும் இருக்கலாம். பிள்ளை காரணம் கேட்காது. விசில் வந்த திசைக்குத் திரும்பி வந்துவிடும். மற்ற எல்லா விதியையும் விட விசில் பெரியது.

தெருவில் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட மாட்டோம். இன்று பெயரைக் காதில் வாங்கிக்கொண்ட யார் வேண்டுமானாலும் நாளைக்கு அதே பெயரைச் சொல்லிக் கூப்பிடலாம் அல்லவா. பெயரைச் சொல்லித் தெரியாத குரல் கூப்பிட்டால் பதில் சொல்லக்கூடாது. வழி தவறிவிட்டால் அலையக்கூடாது, சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, வெள்ளை ஸ்டிக்கை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு, தெரிந்தவர் வரும்வரை சத்தமில்லாமல் இருக்கவேண்டும். கத்தினால் முதலில் வருவது யாரென்று சொல்ல முடியாது. இவ்வளவையும் பிள்ளைகள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள்.

பள்ளியை நடத்தியவரை எல்லோரும் மதாம் என்றுதான் சொல்வோம். புதுச்சேரியிலேயே பிறந்து, கொஞ்ச காலம் பிரான்சில் இருந்துவிட்டுத் திரும்பியவர். ஆண் ஆசிரியர்களை முசியே என்பார். யாரையும் அதட்டிப் பார்த்ததில்லை. மேசை இழுப்பறையில் ஒரு கறுப்புத் துணி வைத்திருப்பார். யாராவது ஒரு பிள்ளையைப் பற்றிக் குறை சொல்லப் போனால் துணியை எடுத்து நீட்டுவார். "கட்டிக்கிட்டுச் சொல்லுங்க." கண்ணைக் கட்டிக்கொண்டு குறையைச் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே நமக்குச் சிரிப்பு வந்துவிடும், அல்லது வெட்கம் வந்துவிடும். அவருமே நடைப் பயிற்சியைப் பார்க்க வந்தால் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். கண்ணைத் திறந்து பார்த்தால் ஏமாந்துவிடுவேன் என்பார்.

மைனாவுக்கு வருகிறேன்.

பள்ளிக்கூட வாசலுக்கு எதிரே ஏழுமலை டீக்கடை வைத்திருந்தார். பாகூர் பக்கத்து விவசாயக் குடும்பம். தெருவோரப் பழைய கிடங்குச் சுவரின் பொந்திலிருந்து விழுந்த மைனாக் குஞ்சு ஒன்றை எடுத்துப் பிஸ்கட்டும் வெட்டுக்கிளியும் கொடுத்து வளர்த்தார். கூண்டு கிடையாது. துரை என்று பெயர் வைத்தார். அது கடைக் கூரையில், மின்கம்பியில், கிடங்குச் சுவரில் என்று இஷ்டத்துக்குத் திரியும். ஒரு வருடத்துக்குள் லாரி பின்னால் வரும்போது அடிக்கும் பீப் சத்தத்தைக் கற்றுக்கொண்டது. பிறகு கைப்பேசி மணி. பிறகு ஏழுமலையின் இருமல். அந்த இருமலில் முடிவில் வரும் சளியின் கரகரப்புகூட அப்படியே இருக்கும்.

"யோவ், உனக்குப் பார்க்கறதுக்கு முன்னாடி உன் மைனாவக் கொண்டுபோய் டாக்டருகிட்ட காட்டு" என்பார்கள் ஐஸ் லாரி ஓட்டுநர்கள்.

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க. அதப் பார்த்துதான் நான் இருமறேன்" என்பார் ஏழுமலை.

எனக்கும் முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. ஒரு காலையில் மதாம் பெஞ்சில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"முசியே, இப்ப நீங்க எங்க நிக்கறீங்க?"

"உங்க பக்கத்துலதான் மதாம்."

"அப்ப கூரை மேல யாரு?"

அப்போதுதான் எனக்கும் கேட்டது. என் விசில். ஆனால் இரண்டு சுரம்தான். தாழ்ந்து, உயர்ந்து, அங்கேயே நின்றுவிட்டது. மாடிப்படியில் ஒரு படி குறைவதைப் போல இருந்தது. முற்றத்தில் நடந்துகொண்டிருந்த பிள்ளைகளில் இரண்டு பேர் அந்தப் பக்கம் திரும்பியிருந்தார்கள்.

அன்றே உட்கார்ந்து பேசினோம். பறவையைப் பிடித்துத் தூரத்தில் விட்டுவிடலாம் என்றார் ஒருவர். ஏழுமலையும் சரியென்றார், முகம்தான் செத்துப்போனது. கனகசெட்டிக்குளத்தில் இருக்கும் மச்சான் வீட்டில் கொண்டுபோய் விட்டார். அவர் பஸ் பிடித்துத் திரும்பிவந்த சில நாளில் அதுவும் திரும்பி வந்துவிட்டது. பிறகு பிள்ளைகளை வைத்தே சோதித்தோம். நான் ஒரு மூலையில், துரை எங்கேயோ. பிள்ளைகள் ஒருமுறைகூடத் தவறவில்லை. மூன்று சுரம் என்றால் சார், இரண்டு சுரம் என்றால் துரை. அதையே விளையாட்டாக்கிக்கொண்டார்கள். "துரை சார் கூப்பிடறாரு, போ போ" என்று புதுப் பிள்ளைகளைச் சீண்டுவார்கள். மாதக்கணக்கில் கவனித்தோம். அந்த மூன்றாவது சுரம் அதற்கு வரவேயில்லை. மதாமுக்கு மட்டும் முழுத் திருப்தியில்லை. "அது இன்னும் படிச்சுக்கிட்டிருக்கு முசியே" என்று ஒருநாள் சொன்னார். ஆனால் சோதனை முடிவு அவர் முன்னால் இருந்தது. அவரும் விட்டுவிட்டார்.

என் மகள் அமலா அதே பள்ளியில் படித்தாள். பிறவியிலேயே பார்வையில்லை. எங்களுக்குக் கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை. பள்ளி வாசலைத் தாண்டி உள்ளே போனால் நான் சார், அவள் மாணவி. வீட்டுக்கு வந்தால் அப்பா. என் மனைவி துணிக்கடையில் வேலை பார்த்து வீடு திரும்ப நேரமாகும் என்பதால் ராத்திரிச் சமையல் என்னுடையது. வீட்டுக்குள் நுழைந்து சட்டையைக் கழற்றும்போதே நான் அவளிடம் கேட்பது ஒன்றுதான்: "என்ன குழம்பு வைக்கட்டும்?" அவள் பதிலுக்கு நேற்றைய குழம்பைக் குறை சொல்லித்தான் ஆரம்பிப்பாள்.

பதினோரு வயதில் தனிநடைத் தேர்வு வைப்போம். பள்ளி வாசலில் தொடங்கி, சுவரோரமாக டீக்கடையைத் தாண்டி, ஐஸ் லாரிகள் திரும்பும் சந்தின் குறுக்கே நடந்து, கடைசிக் கிடங்கின் இரும்புக் கதவுவரை பிள்ளை தனியாக வரவேண்டும். ஓர் ஆசிரியர் பின்னால் தூரத்தில் சத்தமில்லாமல் வருவார், வண்டி வந்தாலொழிய வாயைத் திறக்கமாட்டார். இன்னொருவர் கதவருகே நிற்பார். அமலாவின் தேர்வை நான் இரண்டு முறை தள்ளிப்போட்டேன். ஒருமுறை சளி என்றேன், ஒருமுறை வெயில் என்றேன். மற்ற பிள்ளைகளை அதைவிட மோசமான வெயிலில் அனுப்பியிருக்கிறேன்.

"எனக்கு மட்டும் ஏன் சார் லேட்டு?" என்று வகுப்பில் எல்லோர் முன்னாலும் கேட்டாள். அந்த 'சார்' கொஞ்சம் நீளமாக இருந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். மதாமும் கேட்டார். தேதி வைத்தாயிற்று. பெற்றவர் பின்தொடரக்கூடாது என்பது விதி. அதனால் கலா பின்னால் வந்தாள், நான் இரும்புக் கதவருகே நின்றேன்.

நான் விசிலைக் கேட்டது அங்கேதான். பாட்டிலைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். சந்தில் ஓர் ஐஸ் லாரி குறுக்கே நின்றிருந்தது. அமலா கடந்த பிறகு, கலா கடப்பதற்கு முன்னால், அது பின்பக்கமாக உள்ளே வந்திருக்கிறது. கலா சுற்றிக்கொண்டு வருவதற்குள் தெரு காலி. லாரி அவளை மறைத்தது ஒரு நிமிடம்கூட இருக்காது.

"விசில் கேட்டுச்சே சார், நீங்க கூப்பிட்டீங்கன்னுதான நெனச்சேன்" என்றாள் கலா. கலாவுக்குக் கண் தெரியும். அவளே அப்படித்தான் நினைத்தாள்.

அந்த இடத்தில் இடது பக்கம் கிடங்குகள். அவற்றுக்குப் பின்னால் வாய்க்கால். கைப்பிடிச் சுவர் கிடையாது. ஊர்ச் சாக்கடையெல்லாம் சேர்ந்து கடலுக்குப் போகும் கறுப்புத் தண்ணீர், ஆள் மூழ்கும் ஆழம். கிடங்குச் சுவர் பல இடத்தில் இடிந்து, உள்ளே போக வழி இருந்தது. விசில் அந்தப் பக்கமிருந்துதான் வந்தது.

பிறகு நடந்தது வரிசையாக நினைவிருக்கிறது. அதை மறக்க நான் முயன்று பார்த்திருக்கிறேன். ஏழுமலை அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தார். ஐஸ் ஏற்றும் ஆட்கள் வந்தார்கள். துறைமுகத்துப் பையன்கள் நாலைந்து பேர் சட்டையைக் கழற்றிவிட்டு வாய்க்காலில் இறங்கினார்கள். ஒருவன் மூழ்கி எழும்போதெல்லாம் நான் அவன் கையைத்தான் பார்த்தேன். கையில் சேறு மட்டும் இருந்தது. "அமலா! அமலா!" என்று எல்லாப் பக்கமும் கூப்பிட்டார்கள். கலா சாலைப் பக்கம் ஓடினாள், ஒருவேளை அந்த வழியாகப் போயிருப்பாளோ என்று.

நான் விசிலடித்தேன். வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. என் வாழ்நாள் முழுதும் எந்தப் பிள்ளையும் அந்த விசிலுக்கு வராமல் இருந்ததில்லை. கிடங்குக் கிடங்காக நுழைந்து விசிலடித்தேன். ஒவ்வொரு முறையும் உடைந்த கூரைக்கு மேலே எங்கிருந்தோ அதே மூன்று சுரம் திரும்பி வந்தது. நான் நிறுத்தினால் அது அடித்தது. அது நிறுத்தினால் நான் அடித்தேன். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு எது என்னுடையது என்று எனக்கே குழப்பமாகிவிட்டது. உதடு வெடித்து ரத்தம் வந்ததும் விசில் பிசிறியது. அதனுடையது பிசிறவில்லை. அது என்னைவிட நன்றாக அடித்தது.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. மதாம் வந்தார். அவருக்கு நடப்பது கஷ்டம். ஏழுமலையின் தோளைப் பிடித்துக்கொண்டு இடிபாட்டுக்குள் வந்து, ஓர் உடைந்த திட்டில் உட்கார்ந்து, வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு ஆத்திரம் வந்தது. இந்த நேரத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறாரே என்று. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"விசில நிறுத்துங்க முசியே."

"எனக்கு அது ஒண்ணுதான் மதாம் இருக்கு."

"அதக் கேட்டுத்தான் அவ போனா. போன எடத்துல நீங்க இல்ல. மறுபடி அதையே ஏன் நம்பணும்?"

உதட்டு ரத்தத்தைப் புறங்கையால் துடைத்தேன். மதாம் சுற்றி நின்றவர்கள் பக்கம் திரும்பினார்.

"பேரயும் யாரும் கூப்பிடாதீங்க. தெரியாதவங்க பேரச் சொன்னா வாயத் திறக்காதன்னு சொன்னது யாரு? நாமதான? அவ நல்லாப் படிக்கற பிள்ள." பிறகு கண்ணைத் திறந்து சொன்னார்: "அவ இங்கதான் எங்கயோ உக்காந்து, நாம சொல்லிக்குடுத்தத ஒண்ணுவிடாம செய்துக்கிட்டிருக்கா."

அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. இருபது வருடமாக நான் சொல்லிக்கொடுத்த ஒவ்வொன்றும் இப்போது அவளை எங்களிடமிருந்து மறைத்துக்கொண்டிருந்தது. அவள் தண்ணீரில் இல்லையென்றால், அந்த விதிகளுக்குள் இருக்கிறாள்.

மதாம் கையை உயர்த்தினார். ஏழுமலை ஓடிப்போய் லாரியை அணைக்கச் சொன்னார். பையன்கள் வாய்க்காலில் இடுப்பளவு நின்றபடி அசையாமலிருந்தார்கள். அந்த இடம் அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. உடைந்த கூரை விளிம்பில் துரை உட்கார்ந்திருந்தது. அதுவும் பேசவில்லை. தலையைச் சாய்த்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இப்ப ஏதாவது கேளுங்க. சொல்லாதீங்க, கேளுங்க. பதில் வர்ற மாதிரி" என்றார் மதாம்.

"என்ன கேக்கட்டும்?"

"பள்ளிக்கூடத்த விடுங்க. வீட்டுல என்ன கேப்பீங்க?"

அத்தனை பேர் நின்றிருந்தார்கள். என் குரல் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஏழுமலைதான் பிறகு சொன்னார், யாரோ கிழவன் பேசியது போல இருந்ததாம்.

"ராத்திரிக்கு என்ன கொழம்பு வைக்கட்டும்?"

வாய்க்காலில் நின்ற ஒருவன் சிரித்துவிட்டான். பக்கத்தில் இருந்தவன் அவன் தலையில் தட்டினான். வேறு சத்தமில்லை. நான் இன்னொருமுறை கேட்கலாமா என்று மதாமைப் பார்த்தேன். வேண்டாம் என்று தலையசைத்தார். காத்திருக்கச் சொன்னார்.

அப்போது வந்தது. வாய்க்கால் பக்கமிருந்து அல்ல, எனக்கு மிக அருகிலிருந்து. நான் அன்று சாயங்காலம் எத்தனையோ முறை கடந்துபோன சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து. மெல்லிய குரல், சந்தேகமான குரல்.

"நேத்து என்னா வச்சீங்க?"

"வாழக்கா."

நான் சுவரின் பக்கம் ஓரடி வைத்தேன்.

"எப்படி இருந்துச்சு?"

"உப்பு அதிகமாப் போச்சு. நீ சாப்பிடல. தயிர் ஊத்திச் சாப்பிட்ட."

ஸ்டிக் தரையில் ஊன்றும் சத்தம் கேட்டது. இரண்டு கிடங்குச் சுவர்களுக்கு நடுவே ஆள் பக்கவாட்டில் நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி. வெளியிலிருந்து பார்த்தால் அங்கே பழைய தார்ப்பாய் குவிந்திருப்பதாகத்தான் தெரியும். கலாவும் பையன்களும் நானும் எல்லோரும் அதைப் பார்த்திருந்தோம். தார்ப்பாய் அசைந்தது.

அன்றைக்கு அவள் கையைப் பிடித்தவன்தான். அதன் பிறகு எந்தப் பிள்ளையின் கையையும் என்னால் விட முடியவில்லை. தேர்வுக்கு நிற்கும் பிள்ளையின் பின்னாலேயே நான் நடக்க ஆரம்பித்தேன், ஒரு முழம் தூரத்தில். கையை விட முடியாதவன் அந்த வேலையில் இருக்கக்கூடாது. அதனால்தான் ஓய்வு வாங்கினேன். வேறு காரணம் சொன்னவர்களுக்கு நான் மறுப்புச் சொல்லவில்லை. இப்போது பள்ளியில் விசில் கிடையாது. தூரத்தில் இருப்பவர் கேள்வி கேட்கவேண்டும், பிள்ளை திருப்பிக் கேட்கும், அதற்கும் பதில் வந்தால்தான் நகரும். இதனால் தெருவைக் கடக்க நேரமாகிறது என்று குறை உண்டு. குறை சொல்பவர்களிடம் மதாம் கறுப்புத் துணியை நீட்டுகிறார் என்று கேள்வி. துரை இன்னும் அந்தக் கடைக் கூரையில்தான் இருக்கிறது. அதன் மேல் எனக்குக் கோபமில்லை. அதைப் பிடிக்கவும் பிடிக்காது. நெல்லித்தோப்பு மின்கம்பியில் எந்த மைனா கத்தினாலும், அதன் அலகு அசைவதைக் கண்ணால் பார்க்கும்வரை என் கால் நகர்வதில்லை.

அன்று மாலை தார்ப்பாயை விலக்கிக்கொண்டு அமலா வந்தாள். முட்டியில் சிராய்ப்பு, தலையெல்லாம் ஒட்டடை. கையை நீட்டி என் சட்டைப் பொத்தானைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு முகத்தைத் தொட்டாள். வெடித்திருந்த உதட்டில் அவள் விரல் நின்றது. நான் பேச வாயெடுத்தேன். பொறுங்கள் என்பதுபோல அந்த விரலை அங்கேயே வைத்தாள். தலையைத் திருப்பி, தான் வெளியே வந்த இடைவெளிக்கு மேலே, கூரைப் பக்கம் காது கொடுத்தாள். பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"எங்கூடவே நின்னு உங்க விசிலையே அடிச்சுக்கிட்டிருந்தாரு அப்பா. மெதுவா எவ்வளவு கேட்டும் யாருன்னு சொல்லல. போயிட்டாரா?"